நான் விட்டுவிட்ட ஒரு வரி

14.8.1989, திங்கள்

"வயிறு நெறைய தின்னுட்டு எப்படி சார் சாவுது?" என்று போன வாரம் சுப்பையா கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர், சியாக்காப், அதாவது கொடுவா மீன்குஞ்சு பொரித்து வளர்க்கிறார். ரோட்டிஃபர் என்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு மீன் எண்ணெய் ஊட்டி, அவற்றைக் குஞ்சுகளுக்கு இரையாக விடுகிறார். ஆங்கிலத் தாளில் இருந்த செய்முறையை அவருக்குத் தமிழில் எழுதித் தந்தவன் நான்.

இன்று மதியம் அந்தத் தாளை மறுபடி படித்தேன். இரையை வடிகட்டி, நல்ல நீரில் கழுவிய பிறகே தொட்டியில் விட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. சின்ன விஷயம்தானே என்று நான் எழுதாமல் விட்ட வரி. கழுவாவிட்டால் மிச்ச எண்ணெய், ஆறிய கோழிக் குழம்பின் மேல் நிற்பதுபோல, நீரின்மேல் படர்ந்துவிடும். பொரித்த சில நாளில் குஞ்சு மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்க வேண்டும். அந்த எண்ணெய் ஏடு தடுத்தால் முடியாது. உள்ளே காற்றுப்பை விரியாது; மிதக்க முடியாமல் குஞ்சு செத்துப்போகும். எவ்வளவு நல்ல தீனி தின்றும் பயனில்லை.

சாயங்காலம் சுப்பையா வந்தார்.

"எனக்குக் கைராசி இல்ல சார். இந்தத் தடவையும் போச்சுன்னா மாக் மண்டின்ல பழைய ஃபேக்டரி வேலைக்கே திரும்பிட வேண்டியதுதான் லா."

நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அந்த வரியைப் பற்றிச் சொல்லாமலே அனுப்பிவிட்டேன்.

எனக்கே எழுதிக்கொள்கிறேன்: நாளைக் காலையில் அவர் இரை விடுவதற்கு முன் போ. தப்பு என்னுடையது என்று முதலில் சொல்; விளக்கமெல்லாம் பிறகு.