சூனியக்காரிக்கு மூன்று பாட்டு

ஆகஸ்ட் 9, இரவு

குழந்தைகளுக்கான டிவி இசைநாடகத்தில் நான்தான் தேவதைகளின் ராணி என்று ஏற்பாடு. கன்னிவாடி மலையடியில் இன்று முதல் நாள் படப்பிடிப்பு. முதல் வசனம் பேசியதுமே இயக்குநர் தயங்கியபடி வந்தார்.

"மேடம், பாட்டு உங்க வாய்ஸ்லயே இருக்கட்டும். பேச்சுக்கு மட்டும் வேற ஆள வச்சு டப்பிங் பண்ணிக்கலாம். ராணி திண்டுக்கல் தமிழ் பேசினா எடுபடாது."

பத்து வருடமாக மேடையில் இதே வாயால்தான் பாடுகிறேன், பேசுகிறேன். "ரெண்டும் என் குரல்தான் சார். இல்லேன்னா நான் வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

யாரிடமோ அரை மணி நேரம் போனில் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். "அப்ப சூனியக்காரியா நடிங்க. உங்க பேச்சு அதுக்குப் பொருந்தும்."

சுருக்கென்றது. ஆனாலும் ஸ்கிரிப்டைப் புரட்டினேன். ராணிக்கு ஒரு பாட்டு, சூனியக்காரிக்கு மூன்று. பிள்ளைகள் எதைப் பாடிக்கொண்டு திரிவார்கள் என்று எனக்குத் தெரியும். சரி என்றேன். நம் பேச்சு சூனியக்காரிக்குத்தான் என்று அவர் சொன்னது மட்டும் இன்னும்...

வீட்டில் மகளுக்கு முகம் வாடிவிட்டது. "கிளாஸ்ல எல்லார்ட்டயும் ராணின்னு சொல்லிட்டேனேம்மா."

முதல் பாட்டைப் பாடிக் காட்டினேன். போர்வைக்குள் புகுந்துகொண்டு கத்தினாள்: "பயமா இருக்கும்மா! இன்னொருக்கா பாடு!"