சபையில் எழுந்து போன காரணம்

சங்கராபுரம்,
கார்த்திகை, வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பொன்னுரங்கம் அவர்களுக்கு, தனசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் பாப்பாத்தியும் இருக்கிறோம். திருப்பூரில் நீங்களும் என் தங்கை தங்கமணியும் கல்யாணப் பெண் எழில்மதியும் நலமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் வீட்டில் எந்த போன் வந்தாலும் ஸ்பீக்கரில்தான் பேசுவீர்கள். இது நாலு பேர் காதில் விழக்கூடிய விஷயம் இல்லை.

கல்வராயன் மலைப் பக்கம் இந்த வருஷம் நல்ல மழை. மக்காச்சோளம் அறுத்தாகிவிட்டது. மரவள்ளி நிற்கிறது. பாப்பாத்திதான் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். நான் வீட்டோடு கிடக்கிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றும் நேரத்தில், கையில் வாங்கிய தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனேன். எழில்மதியை என் மகனுக்குக் கேட்டுக் கிடைக்காத கோபம் என்று சபையில் பேசினார்களாம். தங்கமணியும் அதை நம்பிவிட்டாள் போலிருக்கிறது. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்தவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

எனக்கு ப்ராஸ்டேட் ஆபரேஷன் ஆனது உங்களுக்குத் தெரியும். கட்டியை முழுசாக எடுத்தாகிவிட்டது என்றதும் நீங்கள்தான் ஊருக்கெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை. ட்யூபை எடுத்த பிறகு சிறுநீர் என் பேச்சைக் கேட்பதில்லை, மாப்பிள்ளை. இருமினால், தும்மினால், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தால், எனக்குத் தெரியாமலே போய்விடுகிறது. டீக்கடைக்குப் போவதை விட்டேன். வண்டி ஓட்டுவதை விட்டேன். பக்கத்தில் யாராவது வந்தால் வாடை அடிக்குமோ என்று தள்ளி நின்றேன்.

அன்று தட்டோடு எழுந்தேன். வேட்டி நனைந்துவிட்டது. எதிரே சம்பந்தி வீட்டார், பின்னால் பெண்கள். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். சேலம் வரைக்கும் சீட் காலியாகத்தான் இருந்தது. உட்காரத் துணிவில்லாமல் நின்றுகொண்டே வந்தேன்.

அதுவரை பாப்பாத்திக்கும் முழுசாகத் தெரியாது. சொந்தக்காரர்கள் பேச்சையெல்லாம் தனியாக உட்கார்ந்து கேட்டுவிட்டு மறுநாள் ஊர் வந்தாள். மோட்டார் தொட்டியில் ஊற வைத்திருந்த வேட்டியைப் பார்த்துவிட்டாள். “இதுக்கா நானு அத்தினி பேர்கிட்டயும் பேச்சு வாங்கிக்கினு வந்தேன்? வாயத் தொறந்து சொன்னா இன்னா?” என்று அழுதாள். அன்றே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே பிசியோதெரபி பார்க்கும் பெண்ணுக்கு நம் எழில்மதி வயதுதான் இருக்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாப்பாத்திதான் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் குடித்தால்தானே வரும் என்று நான் குடிப்பதையே குறைத்திருந்தேன். அது தப்பாம். எரிச்சல்தான் ஜாஸ்தியாகும், தண்ணீரைக் குடியுங்கள், டீ காபியைக் குறையுங்கள் என்றாள். பிறகு படுக்க வைத்து, “ஐயா, சபையில காத்து பிரியாம அடக்குவீங்க இல்ல, அந்த மாதிரி உள்ள இழுத்துப் புடிங்க. வயித்த இறுக்காதீங்க. மூச்ச அடக்காதீங்க. இப்ப மெதுவா விடுங்க” என்று சொல்லிக்கொடுத்தாள். இந்த வயதில், ஒரு சின்னப் பெண் எதிரில். காது மடல் வரைக்கும் சூடேறியது. ஆபரேஷன் செய்த இடத்திலும் இதைத்தான் சொல்லியிருந்தார்கள். வெட்கத்தில் நான் காதில் வாங்கவில்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. மருந்து இல்லை, ஊசி இல்லை, இதில் என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடப் பார்த்தேன். பாப்பாத்தி விடவில்லை. காலையில் அடுப்படியிலிருந்தே, “புடிச்சீங்களா?” என்று கேட்பாள். இப்போது படுத்தும் உட்கார்ந்தும் நின்றும் செய்கிறேன். எழுவதற்கு முன்பும் இருமுவதற்கு முன்பும் இறுக்கிப் பிடிக்கப் பழகியிருக்கிறேன். போன வாரம் மரவள்ளிக் கொல்லை வரைக்கும் நடந்து போய்க் காய்ந்த துணியோடு திரும்பி வந்தேன். பாப்பாத்தி அன்று கேசரி கிண்டினாள்.

முழுசாகச் சரியாகவில்லை. சாயங்காலம் உடம்பு அசந்தால், கனமாக எதையாவது தூக்கினால் கசிகிறது. பேடு வைத்துக்கொள்கிறேன். இன்னும் சில மாதங்கள் பிடிக்கும், விடாமல் செய்யுங்கள் என்கிறாள் அந்தப் பெண். கல்யாணம் தையில்.

அன்றே உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கோபக்காரன் என்ற பேர் பரவாயில்லை, இந்தப் பேர் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அந்தக் கணக்கில் என் தங்கை அழுததை நான் சேர்க்கவில்லை.

தங்கமணியிடம் இதை எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்கள். மற்றவர்களுக்கு வேண்டாம். தாய்மாமனுக்கு வேட்டி எடுத்தால் வெள்ளை எடுக்க வேண்டாம். அடர்ந்த நிறமாக எதுவானாலும் சரி. மணவறையில் எனக்கு ஓரமாக ஓர் இடம் போதும்.

குழந்தை எல்லாச் செல்வமும் பெற்று நீண்ட காலம் நிறைவாக வாழட்டும். அதை நான் அவள் தலையில் கை வைத்தே சொல்ல வேண்டும், மாப்பிள்ளை. தாலி கட்டும் நேரத்தில் நான் நடுவில் எழுந்து போனால், அவள் முகம் வாடிவிடக் கூடாது. மாமா திரும்பி வந்துவிடுவார் என்று மட்டும் அவளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
தனசேகரன்