அந்த நாற்காலியை இனி நகர்த்தலாம்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் நலத்தைக் கேட்க நேற்றுவரை பயமாக இருந்தது. இப்போது தைரியமாகக் கேட்கிறேன், நலமா?

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, முன்னறை நாற்காலியைச் சன்னலோரத்திலிருந்து பழையபடி சுவர்ப் பக்கம் நகர்த்துவது என்று நேற்று மாலை முடிவெடுக்கப்பட்டது. நானும் அப்பாவும் ஆதரவு. உன் மாமா நடுநிலை வகித்தார், அப்போது அதில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். திரைப்படக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய மூன்று நிமிடப் படத்தை நீ விடுமுறையில் வந்து இங்கே எடுத்துவிட்டுக் கிளம்பும்போது, திரும்ப எடுக்கச் சொன்னாலும் சொல்வாங்கம்மா, முடிவு வர்ற வரைக்கும் எதையும் மாத்திடாதீங்க, அப்பா தாடியையும்தான் என்று சொன்னாய் அல்லவா, பெற்றோர் சொல் கேளாத காலத்தில் நாங்கள் பிள்ளை சொல் கேட்டோம். நாற்காலி அலமாரிக் கதவை அடைத்துக்கொண்டு நின்றதால் மழைக்காலம் முழுக்கக் குடைகள் உள்ளே பத்திரமாக இருந்தன, நாங்கள் நனைந்தோம். தாடியை, உன் படத்தைப் பக்கத்தில் ஓடவிட்டு அளவு பார்த்து நானே கத்தரித்தேன். லிஃப்ட் பழுதுபார்க்கப் போன இடத்தில் ஒருவர், துறவறமா காதல் தோல்வியா என்று அப்பாவைக் கேட்டாராம். ரெண்டுக்கும் வீட்டுல அனுமதி இல்லைங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே வேலையை விட்டுவிட்டு நீ விண்ணப்பித்ததில் எனக்குக் கவலைதான். இடம் கிடைக்காவிட்டால் வேலையும் இல்லை, படிப்பும் இல்லை. பள்ளி நாடகத்தில் மரமாகக்கூட நின்றவள் இல்லை நீ. மாமாவுக்குத் தெரியாததா, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், எதற்கும் பயிற்சி உண்டு என்று நம்புகிறவர். மேடையே ஏறாதவளை எப்படிச் சேர்ப்பாங்க, முதல்ல அழக் கத்துக்கச் சொல்லு என்று போனில் உனக்கு அழுகை வகுப்பு எடுத்தாரே, அன்று கீழ்வீட்டுத் தையல்காரம்மா யாருக்கு என்ன ஆச்சு என்று மேலே ஓடிவந்துவிட்டார். உனக்கு அழுகை வரவில்லை, மாமாவுக்கு வந்துவிட்டது. படம் எடுக்கப் போகிறவளுக்கு அழுகை எதற்கு என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

மகளுக்காகக் காத்திருக்கும் அப்பா, வசனம் கிடையாது, அவ்வளவுதான் உன் கதை. ஆனால் கேமராவைத் தொட்டதும் நீ வேலைப் பழக்கத்தில், அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க என்றாய். நடிக்க உட்கார்ந்த அப்பாவும் பிடித்துக்கொண்டார். எத்தனை முறை எடுத்தாலும் மகளுக்காகக் காத்திருப்பவராகத் தெரியவில்லை, பல் பிடுங்கக் காத்திருப்பவராகத் தெரிந்தார். கடைசியில் அலுத்துப்போய், சரி, மூச்சை விடுங்க என்று சொன்ன நீ கேமராவை நிறுத்த மறந்துவிட்டாய். தோள் தளர்ந்து, சன்னல் பக்கம் திரும்பி, வெறும் தெருவை அவர் ஒரு பார்வை பார்த்தார். அதைத்தான் அனுப்பினாய். நேர்காணலில் நாடகப் பின்னணி இல்லையே என்று கேட்டவர்களிடம் நீ சொன்னதைப் போனில் அப்படியே சொல்லிக்காட்டினாயே, "மூச்சை விடுங்கன்னு சொன்னதும் ஒரு முகம் வரும் சார், இத்தனை வருஷமா அதைத்தான் பார்த்துட்டிருக்கேன்" என்று, அதைக் கேட்ட அப்பா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நேற்றுக் காலை இடம் கிடைத்த செய்தி வந்ததும் யாரும் சொல்லாமலே மூன்று பேரும் மூச்சு விட்டோம். மத்தியானமே அப்பா முடிதிருத்தும் கடைக்குப் போய்விட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு. கூடப் படிக்கிறவர்கள் நீ பார்க்காத படங்களைப் பற்றிப் பேசினால் தலையாட்டு, பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். பழைய ஆஸ்பத்திரி அலமாரிச் சாவி உன் பையிலேயே இருக்கிறது, மறக்காமல் திருப்பிக் கொடு. நல்ல படம் எடு, நன்றாக இரு. நல்ல படம் வராவிட்டாலும் நன்றாக இரு.

இப்படிக்கு,
கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்ட
உன் அம்மா

பின்குறிப்பு: நாற்காலியை நகர்த்திய பிறகு, அப்பா விளக்கைப் போடாமல் வழக்கம்போல் சன்னலோரம் போய் உட்கார்ந்தார். இன்று காலை இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. எலும்பு முறிவு இல்லை.