வாசலில் கட்டிய வெள்ளைத் துண்டு

அன்பு மகள் கொரினுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாஸ்டனில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே காட்டுத்தீ வந்துபோயும் எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு கீறல் இல்லை, வீட்டுக் கூரையில் ஒரு பலகைகூடக் கருகவில்லை, அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. போனில் நீ கேட்டபோதெல்லாம் எல்லாம் சரி என்றேன். சரியில்லை. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

போன வருடம் கடற்கரைக்குப் போன படத்தை நான் இணையத்தில் போட்டு, நாங்கள் திரும்புவதற்குள் ஷெட்டில் இருந்த ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அதற்குப் பிறகு நீ ஏழு விதிகளை அச்சடித்து அனுப்பினாய். பாஸ்வேர்டை ஒவ்வொன்றுக்கும் வேறாக வை, தெரியாத செய்தியில் வரும் லிங்கைத் தொடாதே, வீட்டில் ஆளில்லை என்று யாருக்கும் தெரியவிடாதே. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். இந்த வயதில் இவ்வளவு கீழ்ப்படிதல் என்னிடம் உண்டென்று எனக்கே தெரியாது. தீயணைப்புக் குழுவும் தன் பங்குக்கு ஒரு தாள் கொடுத்திருந்தது. மருந்து, மூக்குக்கண்ணாடி, பத்திர நகல் எல்லாம் ஒரே பையில் வாசலருகே இருக்கட்டும், காரில் அரை டாங்க் பெட்ரோலுக்குக் குறையக் கூடாது, கிளம்பும்போது வாசலில் வெள்ளைத் துண்டு கட்டுங்கள், உள்ளே ஆளில்லை என்று தேடி வருபவர்களுக்குத் தெரியும் என்று. மலைச்சரிவில் புகை எழுந்த கால் மணியில் நாங்கள் தயார். துண்டையும் கட்டினேன். நான்கு படி இறங்கியதும் உன் தாள் நினைவுக்கு வந்தது. ஆளில்லாத வீடு என்று நானே ஊருக்கு அறிவிக்கிறேனே என்று பயந்து, திரும்பி ஏறி அவிழ்த்து எடுத்துவந்துவிட்டேன். உன் அப்பா ஹார்னை அடித்தபடி, "இப்ப என்னத்தடி மறந்துட்ட" என்று கத்தினார். வழியில் போனுக்கு ஒரு செய்தி வந்தது, வெளியேறிவிட்டீர்களா, இந்த லிங்கைத் தொட்டுச் சொல்லுங்கள் என்று. அதையும் அழித்தேன். எவ்வளவு சமர்த்து பார் உன் அம்மா.

வெண்டலை உனக்கு நினைவிருக்கும், எட்டு வருடம் உன் பள்ளிப் பஸ்ஸை ஓட்டியவர். இப்போது தொண்டர் குழுவில், வீடு வீடாகப் பார்க்கிற வேலை. நம் தெருவில் எல்லா வாசலிலும் துண்டு இருந்ததாம், நம் வாசலில் மட்டும் இல்லை, குழு போனுக்கு அனுப்பிய செய்திக்குப் பதிலும் இல்லை. கூட இருந்தவர் வேண்டாம் என்று தடுத்தாராம். "டேலுக்கு முட்டி சரியில்லப்பா, உள்ள மாட்டிக்கிட்டிருப்பான்" என்று உன் அப்பாவை நினைத்துச் சொல்லிவிட்டு இவர் இறங்கிப் போயிருக்கிறார். பின்ஜன்னலை உடைத்து அறை அறையாகத் தேடி, கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்திருக்கிறார். திரும்புவதற்குள் காற்று மாறி, கீழே பாதையை நெருப்பு மூடிவிட்டது. இரண்டு கையும் வெந்துவிட்டன. எட்டு நாளாகக் குழாய் வழியாகத்தான் மூச்சு.

அவர் மனைவி லோர்னா மருத்துவமனையில் என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்களாவது தப்பிச்சீங்களே, அது போதும்டி" என்றாள். துண்டைப் பற்றி அவள் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தைரியமில்லை. சூப் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அவ்வளவுதான் என்னால் முடிகிறது. உன்மேல் குற்றமில்லை, நீ திருடனை நினைத்துச் சொன்னதை நான் நெருப்புக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன்.

உன் அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். மறுநாள் காலை அந்தத் துண்டை எடுத்து வாசல் கைப்பிடியில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். நாம் உள்ளேதானே இருக்கிறோம் என்றேன். "இருக்கட்டும். இனிமே நமக்காக எவனும் இந்த வீட்டுக்குள்ள வர வேணாம்" என்றார். இந்த மாதம் முழுவதும் காற்று அடிக்கும், நெருப்பு மறுபடி வரலாம் என்கிறார்கள். அந்த முட்டியோடு அவர் படி இறங்குவதே பாடு, எனக்கு அவரைத் தூக்கத் தெம்பில்லை. நான் அவிழ்த்தால் அவர் மறுபடி கட்டுகிறார். என் பேச்சை அவர் எப்போது கேட்டார், நீ சொன்னால்தான் கேட்பார். என்ன சொல்லச் சொல்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை கண்ணே.

உங்கள் வீட்டிலும் ஒரு பை கட்டி வாசலருகே வை. கடவுள் உங்கள் இருவரையும் எந்தத் தீங்கும் அண்டாமல் வைத்திருக்கட்டும், வெண்டலுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள். கடிதம் கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிடு. எடுக்கத் தாமதமானால் வைத்துவிடாதே, வாசலில் துண்டு தொங்கினாலும் நாங்கள் உள்ளேதான் இருக்கிறோம்.

மாறாத அன்புடன்
உன் அம்மா
நடீன்