இரண்டாவது இலை

அன்பு மகள் கோசலைக்கு,

அப்பா எழுதுவது. எழுதுவது என்றால் சொல்வது, எழுதுகிற கை கீழ்மாடியில் இருக்கிற நம் நாட்டு மர்கரீத்தினுடையது, அது உனக்குத் தெரியும். உனக்கும் மருமகனுக்கும் உடம்பில் ஒரு குறையும் வராமல் இருக்கவேண்டும். இங்கே பாரிசில் எனக்கு மூச்சு வந்துபோகிறது, அதை நலம் என்று எழுது என்றால் மர்கரீத் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். மூன்று கிழமையாக நீ அடித்த போனை நான் எடுக்கவில்லை. உடம்புக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை. போன் பக்கத்தில்தான் கிடந்தது, அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாரிசின் பெரிய மாதா கோவில் கூரை பற்றி எரிந்து, அது அணைந்து ஒரு கிழமைக்குள் நம் நாட்டில் உயிர்த்த ஞாயிறு பூசைக்குள்ளே குண்டு வெடித்ததே, அந்த வருடம்தான் நீ முதல் பறவைப் படம் அனுப்பினாய். உன் வீட்டுக்குப் பின்னால் சம்பம்புல் வளர்ந்த சதுப்பு, புல்லின் நுனியில் அது குந்தியிருக்கிறது, உடம்பெல்லாம் கறுப்பு, தோளில் மட்டும் சிவப்பு, அதன் கீழே மஞ்சள் கரை, வாய் திறந்திருக்கிறது. பனி முழுக்க உருகுமுன்னே ஆண் பறவைகள் முதலில் வந்து இடம் பிடிக்கும், பெண் பிந்தித்தான் வரும், அது மண்ணிறத்தில் பெரிய ஊர்க்குருவி மாதிரி இருக்கும் என்று சொன்னாய். கூப்பிடுகிற நொடியில்தான் தோளை விரித்துச் சிவப்பைக் காட்டும், அதைப் பிடிக்கக் காருக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு அசையாமல் இருக்கவேண்டும், வெளிச்சம் சரியில்லாவிட்டால் கறுப்பு படத்தில் ஓட்டை விழுந்த மாதிரி வந்துவிடும் என்றாய். அடுத்தவனுடைய இடத்தால் போகும்போது சிவப்பை மூடிக்கொண்டு போகும் என்றும் சொன்னாய். படிக்காதவன் நான், கேட்டது ஒன்றும் மறப்பதில்லை, அதுதான் எனக்குப் பிடித்த பீடை.

அம்மா அந்தப் படத்தைக் கண்டதும் அது நம் ஊர்ச் செண்பகக் குருவி, கண்டால் நல்லது நடக்கும் என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தெரியும் அது செண்பகம் இல்லை. செண்பகத்துக்குச் செட்டை முழுதும் செம்மண் நிறம், அது வேலியோரம் நடந்து திரியும். நான் வாய் திறக்கவில்லை. உங்கை பாருங்கோப்பா, செண்பகம் பிள்ளையின்ரை வளவுக்கை வந்திட்டுது, இனி என்ரை பெடியனும் வந்திடுவான் என்று சொல்லிக்கொண்டு அந்தப் படத்தைத் தாளில் எடுப்பித்து சாமித்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமமும் வைத்தாள். பிறகு நீ அனுப்பிய ஒவ்வொரு படமும் அவளுக்கு ஒரு சகுனம். உனக்கு அது பொழுதுபோக்கு, அவளுக்கு அது உன் தம்பி வருகிற வழி.

தம்பியின் கதையை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லி எழுதவேண்டும் போலிருக்கிறது. நாங்கள் இருவரும் இங்கே வந்துவிட்டோம், நீ கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போனாய், படிப்பை முடித்துவிட்டு வரட்டும் என்று கிருஷிகனை உன் மாமி நாகேஸ்வரியோடு வன்னியில் விட்டோம், சண்டை வந்து பாதை பூட்டுப்பட்டது. 2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலில் கஞ்சி வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை என்று மாமி முகாமிலிருந்து சொன்னாள், அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது, அவளும் இரண்டு வருடத்தில் போய்விட்டாள். காணாமல் போனவனுக்குத் திவசம் இல்லை. காகத்துக்கு ஒரு கவளம் வைத்தாலும் அவனை நாமே கொன்றதாகும் என்று அம்மா சத்தியம் வாங்கினாள். உனக்கு அனுப்பிய கடிதம் எல்லாவற்றிலும் முடிவில் அப்பா, அம்மா, தம்பி என்று மூன்று பெயரும் எழுதுவித்தாள். கிருமிக்கு வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலத்தில் அம்மா கண்ணை மூடியபோது, போனில் மந்திரம் சொன்ன ஐயர் கொள்ளிக்கு மகன் எங்கே என்று கேட்டார், வருவான் என்றேன். பெட்டியை நெருப்புக்குள் அனுப்புகிற பொத்தானை நான்தான் அமத்தினேன்.

இந்த முறை அம்மாவின் திவசத்தன்று நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். அப்பா பாருங்கோ, சிவப்பு எவ்வளவு வடிவா விழுந்திருக்குது, காகம் வரயில்லை, இதுதான் வந்து தின்னுது என்று நீ குரலில் சொல்லி அனுப்பியிருந்தாய். வடிவுதான். அம்மாவுக்குப் படைத்த வாழையிலையின் ஓரத்தில் நிற்கிறது, அலகில் சோற்றுப் பருக்கை. ஆனால் அதன் வாலுக்குப் பின்னால் புல்லில் இன்னொரு இலையின் அரைவாசி தெரிந்தது. மர்கரீத்தைக் கூப்பிட்டுப் படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். சோற்றுக்கு மேல் உரித்த கதலிப்பழம். அம்மா வாழைப்பழத்தின் மணத்துக்கே ஓங்காளிப்பவள். எங்கள் வீட்டில் சோற்றுக்குள் பழத்தைப் பிசைந்து தின்றவன் ஒருவன்தான், அவனை நீ எத்தனை தரம் அதற்காகப் பகிடி பண்ணியிருக்கிறாய். நீ ஒரு சொல் சொல்லவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. மர்கரீத்துக்கும் விளங்கிவிட்டது, போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அன்று உன் மேல் வந்த கோபத்தில் உன்னைப் பெற்றதையே நொந்தேன், பிள்ளை. பதினாலு வருடம் அவன் வருவான் என்று முதலில் நாங்கள் இருவரும், பிறகு நான் தனியேயும் தூக்கிப் பிடித்ததை நீ ஒரு இலையில் இறக்கி வைத்துவிட்டாய் என்று இருந்தது.

அதன் பிறகு ஒரு விசர் வேலை பார்த்தேன். இங்கே யன்னலில் சோறு வைத்தால் புறாதான் வரும், கட்டிடம் பார்க்கிற மனிசி வந்து கத்துவாள், அதனால் அம்மாவுக்கு வைப்பதெல்லாம் ஸ்டாலின்கிராட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பூங்காவில்தான், அங்கே காகம் வரும். ஒரு காலை சோறும் ஒரு வாழைப்பழமும் கொண்டு போனேன். காகம் தொடாவிட்டால் கிருஷிகன் இருக்கிறான், நீதான் பிழை, உடனே போன் எடுத்து உன்னை ஏச வேண்டும் என்று நேர்ந்துகொண்டு புல்லில் வைத்தேன். நான் நிமிரவில்லை, கோசலை. முதுகை நிமிர்த்துமுன்னே அது வந்துவிட்டது. சோற்றைப் பார்க்கவும் இல்லை, பழத்தைத்தான் கொத்தித் தூக்கிக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் போனது. வந்து மர்கரீத்துக்குச் சொன்னேன். அண்ணை, பாரிஸ் காகம் குப்பைத்தொட்டிக்கை கிடக்கிற கெபாப்பையும் தின்னும், அதிட்டைப் போய் சாத்திரம் கேட்டனீங்களே என்று சிரிப்புக் காட்டப் பார்த்தாள். எனக்கும் அது தெரியும். காகம் வராமல் இருந்திருந்தாலும் எனக்கு விடை தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் இவ்வளவு காலமும் நம்மவர் கடைத்தெருவான லாச்சப்பலில் போகிற ஒவ்வொரு மெலிந்த பெடியனின் பிடரியையும் பார்த்துக்கொண்டு நடந்தேன். அன்றைக்குத் திரும்பி வரும்போது நான் ஒருவரையும் பார்க்கவில்லை. பார்க்க ஆள் இல்லாத தெருவால் வீட்டுக்கு வருவது எப்படி என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை, அழுகை வந்திருந்தால் இலேசாயிருந்திருக்கும், அதுவும் வரவில்லை.

அவனுக்கு நாள் இல்லை, திதி இல்லை. அம்மாவின் நாளிலேயே நீ வைத்தது சரிதான், அவள் அவனைத் தனியே சாப்பிட விடமாட்டாள். ஏச வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், ஏச்சு வரவில்லை. சாமித்தட்டில் அம்மா வைத்த பறவைப் படத்தை இன்னும் எடுக்கவில்லை, எடுக்கக் கை போகவில்லை. எனக்குக் கண்ணில் மூடல் கூடிவிட்டது, சத்திரசிகிச்சைக்கு நாள் கேட்டதற்கு மறுமொழி வரவில்லை, வந்தாலும் போவதற்கு மனம் இல்லை, இனி எதைப் பார்க்க. அதை விடு. இப்போது உன் பறவைகள் கூடு கட்டியிருக்கிற காலம், கிட்டப் போனால் தலையில் கொத்த வரும் என்று நீயே சொன்னாய், தொப்பி போடாமல் சதுப்புக்குள் இறங்காதே. காருக்குள் கனநேரம் குந்தியிருக்காதே, முழங்கால் பிடிக்கும், அது நம் பரம்பரை. நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் உன் பக்கம் நிற்கட்டும், உன் கையும் கண்ணும் பழுதில்லாமல் இருக்கட்டும். மறவாதே, அடுத்த வருடமும் இரண்டு இலை வை, கதலி கிடைக்காவிட்டால் எந்தப் பழம் என்றாலும் வை. படம் எடுக்கும்போது மட்டும் பறவையை எடு, இலையை எடுக்காதே.

முடிவில் பெயர் போடும்போது மர்கரீத் பழக்கத்தில் அப்பா, தம்பி என்று எழுதப் போனாள். வேண்டாம் என்றேன். பேனையை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆகவே இது ஒரு பெயரில் வருகிறது, கோணலாய் இருப்பது நான் போட்ட கையெழுத்து.

இப்படிக்கு உன் அப்பா,
தவரத்தினம்

நாலு பேர் இருந்த வீடு, பிள்ளை. இந்திராதேவி போனாள். கிருஷிகன் போனான். என்னை இருக்கிற ஆளாக எண்ணாதே. உயிரோடு இருப்பது கோசலை.