பெண் வீட்டார் கேட்டுவிட்ட உன் கடிதம்

காங்கேயம்,
யுவ வருஷம் ஆனி மாதம் 22ந் தேதி

சிரஞ்சீவி தம்பிதுரைக்கு உன் அய்யன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அம்மா, மாடு கன்று எல்லோரும் சுகம், ஆனைமலையில் மழைக்கும் அட்டைக்கும் நடுவில் நீ எப்படி இருக்கிறாய் என்று உடனே எழுது. உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. வந்தது சரி, வந்த நேரம்தான் சரியில்லை.

அன்றைக்குத்தான் பல்லடத்துத் திருமூர்த்தியும் அவர் சம்சாரம் சின்னத்தாயியும் தங்கள் மகள் சென்னியம்மாளை உனக்குக் கொடுக்கலாமா என்று நம் வீடு பார்க்க வந்திருந்தார்கள். சிவன்மலைத் தேரில் யாரைப் பார்த்துக் கையிலிருந்த பொரியெல்லாம் கொட்டினாயோ அதே பெண்தான். நானும் சும்மா இராமல், பையன் மழைக்காலம் மட்டும் தேக்கு நடப் போயிருக்கிறான், நாற்பது ஆளுக்கு அவன்தான் மேஸ்திரி, துரையே இவனைக் கேட்டுத்தான் குழி வெட்டச் சொல்கிறார் என்று கொஞ்சம் சேர்த்தே சொல்லிவிட்டேன். பெற்றவன் வேறு என்ன சொல்வேன். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் கடிதத்தை நீட்டினார். என் கண்ணாடி கோயமுத்தூரில் ரிப்பேருக்குக் கிடந்தது, அதனால் உன் மாமன் அரங்கசாமி நான் படிக்கறனுங்க மச்சான் என்று வாங்கிக்கொண்டான். அவன் குரல்தான் உனக்குத் தெரியுமே, நாலு தோட்டம் தள்ளி மேயும் ஆடு திரும்பிப் பார்க்கும்.

வீட்டு நினைப்பில் நாற்றைத் தலைகீழாக நட்டு மண்ணை மூடியதையும், மேஸ்திரி வந்து வேரைப் பார்த்து இதென்ன புதுச் சாதித் தேக்கா என்று வைததையும், குழிக்குள்ளேயே உட்கார்ந்து நீ அழுததையும், ஒரு நாற்றுக்கு நம் மயிலைப் பசுவின் பெயரை வைத்துத் தினம் பேசிக்கொண்டிருப்பதையும் மூச்சு விடாமல் படித்தான். நான் இருமினேன், நிறுத்தவில்லை. காலை மிதித்தேன், எறும்பு என்று காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு படித்தான். திருமூர்த்தி பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டு, ஏனுங்க, உங்க பையன்தான் மேஸ்திரின்னீங்க, அப்பறம் அவரை வெய்யற மேஸ்திரி ஆருங்க என்றார். அவர் பெரிய மேஸ்திரிங்க, இவன் சின்ன மேஸ்திரிங்க என்றேன். உன் அம்மா ஊட்டுக்குள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அமைந்து வந்த இடம் போச்சு என்றே நினைத்தேன்.

சின்னத்தாயி எழுந்து நேரே மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் போனார். மயிலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஒரு மாட்டுக்கே இத்தன அழுவற பையன் எம்பட புள்ளய அழுவ உடமாட்டாருங்க, அண்ணா, அந்த அழுவற எடத்த இன்னொருக்காப் படிங்க என்றார். அரங்கசாமி முன்னைவிடப் பெரிய குரலில் படித்தான். அந்த அம்மாளும் உன் அம்மாளும் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆவணியில் கல்யாணம் என்று பேசி வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று.

ஆகையால் அடுத்த வாரமே ஓடிவந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம் கண்ணு. ஆடி முடிய நட்டு முடித்து, தலை நிமிர்ந்து வா. முடிந்தால் அதற்குள் சின்ன மேஸ்திரியாக ஆகப் பார், நான் சொன்னது பொய்யாகாமல் போகும். உப்பும் புகையிலையும் துணியில் முடிந்து காலில் கட்டிக்கொள், அட்டை ஏறாது. நாற்றில் வேர் எந்தப் பக்கம் என்று பார்த்து நடு.

நேற்றுக் கண்ணாடி வந்ததும் உன் கடிதத்தை நானே இரண்டு தரம் படித்தேன். மாட்டை நினைத்து மனசு ஏங்கித் தேடுகிறது என்கிறாய், அம்மா ஆக்கும் அரிசியும்பருப்புச் சோற்றைத் தேடுகிறது என்கிறாய், கிணற்று மேடு, நாய், அரங்கசாமி வீட்டுச் சேவல் வரைக்கும் இருக்கிறது. உன் அம்மாளிடம் சொன்னால், அய்யனத் தேடறத எழுதித்தான் காட்டோணுமாக்கும் என்று சிரிக்கிறாள். சிவன்மலை ஆண்டவர் உன்னை நோய் நொடி அண்டாமல் காக்கட்டும், நூறாயுசாக இரு. பதில் போடும்போது என்னையும் ஒரு வரி தேடவும். சின்ன வரியானாலும் சரி.

இப்படிக்கு
உன் அய்யன்
குமாரசாமி