கதவைச் சாத்தாத டாக்டர்

புதுச்சேரி,
12.8.1984

அன்புள்ள அம்மாவுக்கு வேம்பு வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? அப்பாவின் இருமல் நின்றதா?

போன மாதம் தீட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. இப்போது சரியாகிவிட்டது, பயப்படாதே. எங்கள் கல்லூரியில் மாணவிகளுக்கென்று மருத்துவ ஆலோசனை மையம் திறந்திருக்கிறார்கள். ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்துத் திறந்த மையம்! முதலில் அங்கேதான் போனேன். டாக்டர் கதவைக்கூடச் சாத்தவில்லை. வெளியே வரிசையில் நின்ற பெண்களுக்கெல்லாம் கேட்கும்படி, "கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு இங்க இன்னா வேலை? எவன்கூடச் சுத்துன?" என்றார்.

"கல்யாணம் ஆனாத்தான் ரத்தம் வருமா சார்? இதுகூடத் தெரியாமலா டாக்டருக்குப் படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். அந்த மேதை ஒழுக்கத்தைப் பற்றி நீளமாகப் பிரசங்கம் செய்தார். மருந்து மட்டும் தரவில்லை.

அறைத்தோழி அஞ்சலாட்சிதான் என்னைப் பஸ்ஸில் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரு லேடி டாக்டர் திரையை இழுத்துவிட்டு, "சொல்லும்மா" என்றார். அவ்வளவுதான், அழுதுவிட்டேன். ரத்தம் குறைவாம். மாத்திரை கொடுத்தார், நின்றுவிட்டது. மறுவாரம் அந்த வரிசையில் நின்ற பெண்களும் எங்களோடு கோரிமேட்டுக்கு வந்தார்கள். மையத்து டாக்டர் இப்போது ஈ ஓட்டுகிறார். அதையாவது ஒழுங்காகச் செய்யட்டும்.

அப்பாவிடம் காய்ச்சல் என்று சொல். காரைக்காலிலிருந்து யாராவது வந்தால் முருங்கைக்கீரைப் பொடியும், போர்த்திப் படுக்க உன் பழைய நூல் புடவை ஒன்றும் கொடுத்தனுப்பு. தபால் எடுக்கும் நேரம், முடிக்கிறேன். புடவையைத் துவைத்துவிடாதே அம்மா, நீ கட்டி அவிழ்த்தபடியே வேண்டும்.

உன் மகள்,
வேம்பு